கழற்றாமல் விட்ட சக்கரம்

அத்தியாயம் 11

வெள்ளை பெயின்ட் அடிப்பதைப் போல வம்பு பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. சந்தேகம் இருந்தால் வினோதினியைக் கேளுங்கள். ஒரு கொசு வந்து உட்கார்ந்து எழுந்து போனாலும் கால் தடம் தெரியும்.

அதுவும் கடலூர் முதுநகரில், கடலுக்குப் பக்கத்தில். கடல்காற்று திரும்பிவிட்டால் போச்சு, ஈரம் ஏறி பளபளப்பெல்லாம் செத்துவிடும். அதனால் காலையில் இட்லிப் பாத்திரத்தைக் கழுவின கையோடு மாடிக்கு ஓடி, அடித்து முடித்து, ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும்.

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் காருக்கு. கார் என்று சொல்வதும் பொய். மேல்கூடு மட்டும்தான் அவளிடம் இருந்தது. சக்கரம், சீட், என்ஜின், ஸ்டியரிங் எல்லாம் சிதம்பரத்தில், அண்ணன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. நாலு வருஷமாக மேல்கூடு கடலூரில், அடிப்பாகம் சிதம்பரத்தில்.

நடுவில் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வினோதினிக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்றால் அது அண்ணன் செந்தமிழ்செல்வன்தான். அவன் பார்த்த மாப்பிள்ளையோடு நிச்சயதார்த்தம் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்த நேரத்தில், இவள் முதுநகரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கதிர்வேலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றோடு அண்ணன் வாயை மூடிக்கொண்டான். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. தாலியின் மூன்றாம் முடிச்சை நாத்தனார் போட வேண்டும். யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் போட்டதாம். அந்தச் சேதி கேட்ட அன்று வினோதினி சோறு வடிக்கவில்லை.

போன வாரம் ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்ததே, அது யார் என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். வேறு யார், இவள் முகம்கூடப் பார்த்திராத அண்ணி சிந்துஜாதான்.

"நேர்ல வாங்க. தட்டு வெச்சு அழையுங்க. போன்ல சொன்னா மனுஷன் அசைய மாட்டாரு. நான் கூப்புட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

எதற்கு அழைப்பு? வினோதினியின் மகன் நிலவனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் கதிர்வேலின் குலதெய்வக் கோயிலில். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் நடக்கட்டும், அந்த மடிக்குத்தான் அவள் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஏங்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, இன்னும் எத்தனை சட்டதான் மாத்துவ அந்தக் காருக்கு?" கதிர்வேல் மாடிப்படியில் நின்றபடி கேட்டான். "நீலம் போட்ட, மஞ்சள் போட்ட, செவப்பு ரெண்டு தடவ போட்ட. என் கடை பிரேக் ஆயில் எல்லாம் உனக்கே சரியாப் போவுது."

பழைய பெயின்டைக் கழற்ற அவள் மேல்கூட்டைப் பிரேக் ஆயிலில் ஊறப்போடுவாள். நன்றாக ஊறிய பின் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அழகாகத்தான் அடிப்பாள். ஆனால் முடிந்துவிட்ட வேலையைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. முடிந்துவிட்டது என்றால் அப்புறம் யாருக்காகக் காத்திருப்பது? மறுபடி டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றிவிடுவாள்.

"இதான் கடைசி," என்றாள் வினோதினி. "அண்ணன் மொதல்லேர்ந்தே வெள்ளதான் அடிக்கணும்னான். நாந்தான் செவப்புன்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

"நீ வெள்ள அடிச்சாலும் சரி, வைரம் பதிச்சாலும் சரி. நான் சொல்றத கேளு." கதிர்வேல் குரலைத் தணித்தான். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள உங்கண்ணன் வரேன்னு ஒரு வார்த்த சொல்லணும். இல்லன்னா நான் பக்கிரி அண்ணன்கிட்ட சொல்லிடுவேன். சபையில எம்புள்ள மடி இல்லாம முழிக்கக் கூடாது வினோ. கடைசி நேரத்துல போயி யாரையாவது உக்காருன்னா அது அவுங்களுக்கும் மரியாத இல்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கிரி, கதிர்வேல் கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர். பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவளைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாத மனுஷர்.

"சரி, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க," என்றாள்.

தாம்பூலத் தட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பையில். துணி சுற்றி, ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்த வெள்ளை மேல்கூடு இன்னொரு பையில். நிலவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள்.

ஆலப்பாக்கம் தாண்டும்வரை தைரியமாகத்தான் இருந்தாள். அப்புறம் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா கப்பலில் எலக்ட்ரீஷியன். லீவில் வரும்போது ஜப்பானிலிருந்து ஒரு கார் கிட் கொண்டுவருவார். பெட்டி மேல் படத்தில் கார் ஜம்மென்று நிற்கும். திறந்தால் காரைக் காணோம், சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடிப் பொடித் துண்டுகள்தான் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, அரத்தால் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்துச் சேர்த்தால்தான் கார். பிள்ளைகள் இரண்டு, பெட்டி ஒன்று. சண்டை வராமல் இருக்குமா? கடைசியில் அண்ணன் தங்கையே ஒரு ராசிக்கு வந்தார்கள். அடிப்பாகம் அண்ணனுக்கு, மேல்கூடும் பெயின்டும் வினோதினிக்கு.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒருவர் இல்லாதபோது மற்றவர் காரை முடித்துவிடக் கூடாது. பாதியில் எழுந்து போகிறவர், ஒரு சக்கரத்தைக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். திரும்பி வந்து மாட்டுவேன் என்று அர்த்தம். அண்ணன் சென்னைக்குப் படிக்கப் போனபோதெல்லாம் சட்டைப் பையில் ஒரு குட்டிச் சக்கரம் போகும். ஹாஸ்டலில் பசங்க கேலி செய்வார்களாம். தீபாவளிக்கு வந்ததும் பையைக் கீழே வைக்கும் முன்னால் சக்கரத்தை மாட்டிவிட்டுத்தான் "அம்மா, பசிக்குது" என்பான்.

அப்பா கடைசியாகக் கொண்டுவந்த பெட்டிதான் இது. அவர் போன பிறகு அதைத் திறக்கவே இருவருக்கும் மனசு வரவில்லை. திறந்து, பாதி செய்து முடித்திருந்த நேரத்தில்தான் அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

வெள்ளாற்றுப் பாலம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைச் சரிசெய்துகொண்டாள்.

மாலைகட்டித் தெரு வீட்டின் முன்னறையில் இப்போது அண்ணன் பல் செட் செய்யும் லேப் வைத்திருந்தான். டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்ப, இவன் பல் கட்டிக் கொடுப்பான். வாசலிலேயே மோட்டார் சத்தம் கிர்ரென்று கேட்டது.

"வாங்க வாங்க!" சிந்துஜா ஓடி வந்தாள். ஒல்லியான பெண், கண்ணில் குறும்பு. சத்தமாக, "யாரு நீங்க, எங்கேர்ந்து வரீங்க?" என்று கேட்டுவிட்டு, இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நடிப்புக்கு ஏதாவது பரிசு இருந்தால் அன்று அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

"நான் வினோதினி, அண்ணி."

மோட்டார் சத்தம் ஒரு நொடி தடுமாறியது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

செந்தமிழ்செல்வன் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். பின்மண்டையில் முடி கொட்டியிருந்தது. இவனுக்கு எப்போது வயதானது? கையில் யாருடையதோ பல் வரிசை. அது சிரித்துக்கொண்டிருந்தது, அவன் திரும்பவில்லை.

மேஜையில் தட்டை வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை. 'தாய்மாமன்' என்ற இடத்தில் அவன் பெயர்தான் அச்சடித்திருந்தது. கதிர்வேல் வேண்டாம் என்றபோதும் அவள் விடவில்லை.

"அண்ணா, ஞாயித்துக்கெழம நிலவனுக்குக் காது குத்தறோம். நீயும் அண்ணியும் வரணும். உன் மடியிலதான் அவன உக்கார வெக்கணும்."

கிர்ர்ர்.

"அவனுக்கு உன் மூக்கு. அப்பிடியே உன்ன உரிச்சு வெச்சிருக்கான்."

கிர்ர்ர்.

"நீ என்னத் திட்டு. நாலு அறை வேணும்னாலும் அறை. புள்ள என்ன பண்ணுச்சு?"

மோட்டார் நிற்கவில்லை. சிந்துஜா காபியோடு வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள்.

வினோதினி கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். கீழ்த் தட்டில் அது இருந்தது. அவள் விட்டுப்போன அதே நிலையில், மேல்கூடு இல்லாமல், சீட்டும் ஸ்டியரிங்கும் திறந்து தெரிய, நாலு சக்கரத்தோடு. ஒரு பொட்டுத் தூசு இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள்.

பேச்சு எடுபடவில்லை என்றால் வேறு என்னதான் செய்வாள்? அலமாரியைத் திறந்து அடிப்பாகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். டப்பாவிலிருந்து வெள்ளை மேல்கூட்டை எடுத்தாள்.

"நீ கேட்ட வெள்ளதான் அடிச்சிருக்கேன்," என்றாள்.

மோட்டார் நின்றது. செந்தமிழ்செல்வன் திரும்பினான். முகத்தைப் பார்க்கவில்லை, மேல்கூட்டைத்தான் பார்த்தான். ஜன்னல் ஓரம், கூரை வளைவு, கதவுக் கோடு என்று அவன் கண் நகர்ந்துகொண்டே போனது. பல்லும் கில்லும் ஓரமாகப் போய்விட்டது.

அவள் மேல்கூட்டை அடிப்பாகத்தின் மேல் பொருத்தினாள். பின்பக்கம் சிக்கென்று உட்கார்ந்தது. முன்பக்கம் கொஞ்சம் விரித்து அழுத்த வேண்டும், எப்போதும் செய்வதுதான். கட்டைவிரலால் அழுத்தினாள்.

டக்.

முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் ஒடிந்து மேஜையில் விழுந்தது. அவள் கையை எடுப்பதற்குள் இன்னொரு பக்கமும் விரிசல் ஓடியது.

"ஐயோ!" என்றாள். நாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை, கொண்டுவந்து சேர்த்த அன்றே ஒடித்துவிட்டாள்.

"எத்தன தடவ பிரேக் ஆயில்ல போட்ட?"

அண்ணன் பேசினான்! நாலு வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நலமா என்றுகூட இல்லை, பிரேக் ஆயில்.

"அஞ்சு... ஆறு தடவ இருக்கும்."

"ஆறு தடவையா! அறிவிருக்கா வினோ? ஒரு தடவ போட்டாலே பிளாஸ்டிக் வெறச்சுப் போவும்னு சொல்லிக் குடுத்திருக்கேனா இல்லியா? அப்பளம் மாதிரி ஆக்கி வெச்சிருக்க. எதுக்கு இத்தன தடவ உரிச்ச?"

"நீ வரல, அதான்."

ஒடிந்த துண்டை இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"நிச்சயம் நின்னு போச்சேன்னு நான் கோவப்பட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கியா?" என்றான் மெதுவாக. "அது ஒரு மாசத்துல போயிடுச்சு. நாலு பேரு நாலு விதமாப் பேசினாங்க, விட்டுட்டேன். நீ போன அன்னைக்கு வந்து இந்த மேஜையப் பாத்தேன். மேல்கூட்டக் காணோம். நாலு சக்கரமும் இருந்துச்சு."

வினோதினி மேஜையில் இருந்த அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

"நாலும் இருந்துச்சு வினோ. ஒன்ன நீ கழட்டிட்டுப் போயிருந்தா, எங்கே போனாலும் திரும்பி வருவன்னு இருந்திருப்பேன். உன் பங்க மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்ட. இனிமே வர மாட்டேன், நீயே வெச்சுக்கன்னு சொல்லிட்டுப் போனியே, அதுதான் எனக்கு..."

"ஐயோ, இல்லண்ணா! மேல்கூடு என் பொட்டியில காஞ்சுக்கிட்டிருந்துச்சு. பொட்டியத் தூக்கிட்டு ஓடுனேன். சக்கரம் ஞாபகமே வரல. சத்தியமா வரல. பஸ்ஸுல ஏறி உக்காந்ததுக்கப்புறந்தான்..."

"பொம்ம சக்கரத்துக்கா நாலு வருஷம்?" சிந்துஜாவால் அடக்க முடியவில்லை. "நல்லா இருக்கே உங்க குடும்பம்! தெனமும் அதத் தொடச்சுத் தொடச்சு என் கைதான் தேஞ்சுது."

யாரும் சிரிக்கவில்லை. வினோதினி தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்கண்ணா. வரேன்னு ஒரு வார்த்த சொல்லு."

செந்தமிழ்செல்வன் தட்டைப் பார்த்தான். பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்தான். கை கொஞ்சம் முன்னால் வந்தது போல இருந்தது. பிறகு ஒடிந்த மேல்கூட்டைத்தான் எடுத்தான்.

"இது ஒட்டி, தேச்சு, மறுபடி அடிக்கணும். இங்க இருக்கட்டும். எனக்கு டெலிவரி இருக்கு," என்று மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தட்டு அப்படியே கிடந்தது.

சிந்துஜா அவளை உள்ளே இழுத்துப்போனாள். மணத்தக்காளி வற்றல் குழம்பு வைத்திருந்தாள். வினோதினி இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை. "பொறுங்க, பேசிட்டாருல்ல, அதுவே பெருசு," என்றாள் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை பற்றி அவளாலும் உறுதி சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது வினோதினி முன்னறையில் ஒரு நிமிஷம் நின்றாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"வரேண்ணா."

"டப்பாவ எடுத்துட்டுப் போ," என்றான் திரும்பாமலே.

சுருக்கென்று தைத்தது. ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா, அதுகூட அந்த வீட்டில் இருக்கக் கூடாதா? மூடி போட்டு வாசல் பக்கத்திலேயே வைத்திருந்தான். எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் வரும்போது போன் அடித்தது.

"என்னாச்சு?" கதிர்வேல் கேட்டான்.

"பேசுனான்."

"வரேன்னானா?"

வெளியே உப்பங்கழியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"தட்டத் தொடல," என்றாள்.

"சரி விடு. அழுவாத. பக்கிரி அண்ணன் இங்கதான் நிக்கறாரு. சொல்லிடவா?"

எவ்வளவு நாள்தான் ஒருவனைப் பிடித்து இழுப்பது? அவளுக்கு அலுத்துவிட்டது.

"சொல்லிடுங்க," என்றாள்.

போனில் ஏதோ பேச்சு கேட்டது. பிறகு பக்கிரியின் குரல், உடைந்துபோய் வந்தது. "தங்கச்சி, எனக்கு இப்பிடி ஒரு பாக்கியம் கெடைக்கும்னு நான் நெனச்சதே இல்லம்மா. எங்க வூட்டுல சொல்லணும், ஒடம்பெல்லாம் நடுங்குது. மாமன் சீர் எல்லாம் கொறையில்லாம செய்யறேன். நீ கவலப்படாத."

"சரிண்ணே," என்றாள் அவள். வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

அடுத்த வளைவில் பஸ் ஒரு குலுக்கல் குலுக்கியது. மடியில் இருந்த பைக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது.

காலி டப்பாவில் என்ன உருளும்?

எடுத்து மூடியைத் திறந்தாள். அவள் கொண்டுபோன துணியிலேயே பத்திரமாகச் சுற்றி, அடிப்பாகம் இருந்தது. சீட், ஸ்டியரிங், என்ஜின் எல்லாம் இருந்தது. அவன் பங்கு முழுவதையும் அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தான். கணக்குத் தீர்த்துவிட்டானா? இனி எதுவும் வேண்டாம், நீயே வெச்சுக்க என்று திருப்பிச் சொல்லிவிட்டானா?

துணியை முழுசாக விலக்கினாள்.

பின்னால் இரண்டு சக்கரம் இருந்தது. முன்னால் வலது பக்கம் ஒன்று இருந்தது. இடது பக்கத்தில் வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள், துணியை உதறினாள், சீட்டுக்கு அடியில் தேடினாள். இல்லை. மத்தியானம் அவள் கண்ணால் பார்த்தபோது நாலும் இருந்தது.

"அண்ணன் வரான்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட் அம்மா திரும்பிப் பார்த்தாள். வினோதினி அழுதாள், சிரித்தாள், மூன்று சக்கரத்தையும் விரலால் சுற்றிவிட்டாள்.

அப்புறம்தான் பக்கிரியின் குரல் காதில் திரும்பக் கேட்டது.

அவசரமாகக் கதிர்வேலைக் கூப்பிட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். முதுநகர் நெருங்கும் சமயத்தில், நாலாவது தடவை அவன் எடுத்தபோது பின்னால் ஜவுளிக்கடை இரைச்சல் கேட்டது.

"சொல்லு வினோ. பக்கிரி அண்ணன் நிலவனுக்குப் பட்டு வேட்டி எடுக்க இழுத்துட்டு வந்துட்டாரு. எவ்ளோ சொல்லியும் கேக்கல. புள்ளைக்கு மஞ்சளா, வெள்ளையான்னு உன்னக் கேக்கச் சொல்றாரு."